அப்பாவின் கணினியை நான் ஒழுங்குபடுத்திய கதை

ஆணி அதிகம். அதனால் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. நடுவில் வீடு வேறு மாற்றினோம். புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இங்கே வாடகை ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்', 11 மாதம். அது முடிகிற நேரத்தில் ஓனர் வாடகையை ஏற்றிக் கேட்பார், நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கடைசியில் அட்டைப் பெட்டி தேடி அலைவோம். இந்த முறை வாகடிலிருந்து பானேருக்கு.

சாமான் தூக்க வந்த பையன்கள் ரொம்ப நல்லவர்கள். கேட்காமலேயே சமையலறையை அடுக்கியும் கொடுத்துவிட்டார்கள். பெரிய டப்பா பின்னால், சின்ன டப்பா முன்னால், ஒரே மாதிரி மூடி எல்லாம் ஒரே வரிசையில். டிவி விளம்பரத்தில் வருகிற சமையலறை மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் தங்கமணி தூக்கக் கலக்கத்தில் காபியில் சர்க்கரை என்று நினைத்து ரவையைப் போட்டுவிட்டார். அப்புறம் எல்லா டப்பாவையும் கீழே இறக்கித் திரும்ப அடுக்க ஆரம்பித்தவர், நடுவில் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"உங்க அப்பா கம்ப்யூட்டருக்கு நீங்க பண்ணுனதத்தான் இவங்க நம்ம கிச்சனுக்குப் பண்ணியிருக்காங்க."

சுருக்கென்றது. ஏனென்றால் உண்மை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் போல 'கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள்' நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்துகொண்டிருப்பீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ரிட்டயர் ஆன பிறகு, வீட்டில் சும்மா கிடந்த என் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டார். முதலில் பேத்தி போட்டோ பார்க்க. அப்புறம் வீட்டுக் கணக்கு. அதற்கப்புறம் அம்மாவின் சுகர் கணக்கு. அம்மாவுக்கு இன்சுலின் போகிறது. காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, எத்தனை யூனிட் போட்டது என்று தேதிவாரியாக ஒரு அட்டவணை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போகும்போது அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. அப்பாவின் பெட்டி 2014-இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சமாச்சாரமெல்லாம் அதில் கிடையாது. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது உபுண்டு போட்டுக் கொடுத்தேன். திணறுவார் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் பழகிவிட்டார். இடது பக்கம் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினால் எல்லா மென்பொருளும் கட்டம் கட்டமாக வரும். அந்த ஐகான்களை இழுத்து இடம் மாற்றலாம் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் உட்கார்ந்துகொண்டே அவர் திரையைப் பார்க்கிற மாதிரி ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தேன். அப்டேட் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் சிஸ்டத்தைப் போட்டு எனக்கு வழி திறந்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அப்டேட் முடிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. அந்த ஐகான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

அலங்கோலம்! முதல் பக்கத்தில் சீட்டாட்டம், சுரங்க விளையாட்டு, படம் பார்க்கிற மென்பொருள். இரண்டாம் பக்கம் முழுக்க அவர் வாழ்நாளில் தொடவே போகாத சிஸ்டம் சாமான்கள். மூன்றாம் பக்கத்தில் தன்னந்தனியாகக் கணக்குப் போடும் லிப்ரெஆபீஸ் கால்க்கும் ஸ்கேனரும் பிரிண்டரும். தினமும் வேண்டியதைக் கடைசியில் வைத்து, வேண்டாததை முன்னால் வைத்திருக்கிறாரே மனுஷன் என்று எனக்குப் பாவமாக இருந்தது. டெர்மினலைத் திறந்து ஒரு வரி தட்டினேன். குனோம் திரைமுகப்பில் 'ஆப் பிக்கர் லேஅவுட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஐகான்களை நாம் எங்கெங்கே இழுத்து வைத்தோம் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். அதை ரீசெட் செய்தால் எல்லாம் அகரவரிசைக்குத் திரும்பிவிடும். ஒரு நொடி வேலை. பளிச்சென்று ஆகிவிட்டது.

போன் பண்ணிச் சொன்னேன். "அப்பா, எல்லாம் கசகசன்னு கெடந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

"சரிய்யா" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, கம்ப்யூட்டர் மேல் அம்மா பின்னிய துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் நீளமான பேரேட்டு நோட்டு ஒன்று. அதில் கோடு போட்டு, நீல மையில் அம்மாவின் சுகர் அளவு, சிவப்பு மையில் இன்சுலின்.

"என்னப்பா, சிஸ்டத்துல எழுதறதில்லையா?"

"அது எங்க போச்சுன்னு தெரியலய்யா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீ நல்லதுக்குத்தான பண்ணுன. உனக்கு ஆபீஸ்ல ஆயிரம் சோலி."

மீதியை அம்மா சொன்னார். அப்பா ஒருநாள் கால்க் என்று நினைத்து வேறு எதையோ திறந்திருக்கிறார். வெள்ளைத் தாள் மட்டும் வந்திருக்கிறது. அத்தனை மாதக் கணக்கும் அழிந்துவிட்டது, தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று முடிவு செய்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லையாம். அடுத்த மாதம் டாக்டரிடம் நோட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கோப்பு என்னவோ 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் பத்திரமாக இருந்தது. ஒரு எண் கூட அழியவில்லை. ஆனால் அதற்குப் போகிற வழியை அழித்தவன் நான். அந்தப் பழியை இரண்டு மாதம் அவர் சுமந்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குச் செருப்படி.

"நான் என்ன சும்மாவா அப்பிடி வச்சிருந்தேன்? மொதப் பக்கம் திண்ணை மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக வருது, உன் மக வந்தா உக்காருது, வெளையாடுது. எதையாவது தட்டுனாலும் அங்கனக்குள்ளயே தட்டட்டும். கணக்கு உள்ள இருக்கணும்யா. பத்தாயத்தக் கொண்டாந்து திண்ணைல வைப்பாங்களா?"

இரண்டாம் பக்கம்? அது நடுவில் இருக்கிற முற்றம். பிள்ளைகள் தாண்டி வராமல் இருக்க!

இதைவிட நல்ல வடிவமைப்பை, இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிற நான் யோசித்ததில்லை. நான் குப்பை என்று நினைத்தது அவருக்கு வீட்டு வரைபடம்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய திரையை ரீசெட் செய்கிற உரிமை அந்த ஒருவருக்கு மட்டும்தான். பிள்ளைக்கும் கிடையாது, மென்பொருள் செய்கிற கம்பெனிக்கும் கிடையாது.

அகரவரிசை யாருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். பொருளின் பெயர் தெரியும், இடம் தெரியாது என்கிறவனுக்கு. அதாவது விருந்தாளிக்கு. வீட்டுக்காரனுக்கு இடம் தெரியும், பெயர் தேவையில்லை. அப்பாவுக்குக் 'கால்க்' என்கிற பெயரே தெரியாது. "மூணாம் பக்கம், மொதக் கட்டம்" என்றால்தான் தெரியும். அகரவரிசையில் லிப்ரெஆபீஸின் கால்க், டிரா, இம்ப்ரஸ், மேத், ரைட்டர் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நிற்கும். ஒரே மாதிரி தாள் படம், நிறம் மட்டும் வேறு. கண்ணில் புரை வளர்கிற வயதில் அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது கொடுமை. அவர் கால்க்கை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அகரவரிசையாவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. முன்னெழுத்தில் ஆரம்பிக்கிற ஒரு புது மென்பொருளைப் போட்டால் போதும், பின்னால் இருப்பதெல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். நேற்று விரல் பழகிய இடத்தில் இன்றைக்கு வேறு ஒன்று.

இடத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது வயசானவர்கள் பழக்கம் என்று நினைக்காதீர்கள். 1998-இல் மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'டேட்டா மவுன்டன்' என்று ஒன்று செய்தார்கள். 100 இணையப் பக்கங்களை ஒரு சரிவின் மேல் அவரவர் இஷ்டப்படி பரப்பி வைக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னார்கள். அப்போதைய பிரவுசரின் பட்டியலில் தேடியதைவிட, தாங்களே பரப்பி வைத்ததில் வேகமாக எடுத்தார்கள். அவர்களையே சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோதும் பெரிதாகத் தடுமாறவில்லை. காரணம் எளிது. தன் கையால் வைத்த இடம் மறக்காது.

இதைக் கண்டுபிடித்த கம்பெனியே இதை மதித்ததா என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. ஆபீஸ் 2000 ஞாபகம் இருக்கிறதா? மெனுவைத் திறந்தால் பாதிதான் வரும். அடியில் இரண்டு அம்புக்குறி. நீங்கள் எதை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்து அதுவே மற்றதை ஒளித்து வைக்கும். நமக்கு உதவத்தான்! நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இல்லாமல் போனால் அது என்ன உதவி? 2007-இல் ரிப்பன் வந்தபோது அந்த மெனுவே போய்விட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, 1995-லிருந்து இருந்த ஸ்டார்ட் பொத்தானையே எடுத்தார்கள். அடுத்த வருஷமே 8.1-இல் பொத்தானைத் திரும்ப வைத்தார்கள். 2015-இல் மெனுவும் திரும்பி வந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, 10-இல் நீங்கள் பெயர் வைத்துப் பிரித்து வைத்திருந்த குழுக்களும் பின் செய்து வைத்தவையும் புதியதற்கு வராது என்று அவர்களே பட்டியல் போட்டுச் சொன்னார்கள்.

ஆப்பிள் மட்டும் யோக்கியமா? 2011-இல் லயன் பதிப்போடு மேக்கில் 'லான்ச்பேட்' கொண்டுவந்தார்கள். ஐபோன் மாதிரியே ஐகான்கள், இழுத்து வைத்துக்கொள்ளலாம், ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டால் கோப்புறை ஆகும். பதினாலு வருஷம் ஜனங்கள் அதில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 2025 செப்டம்பரில் 'டாஹோ' பதிப்பில் லான்ச்பேடையே தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் வந்தது, மென்பொருள்களைத் தானே வகை பிரித்துக் காட்டுகிற ஒரு பட்டியல். நம் இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. நான் அப்பாவுக்குச் செய்ததைத்தான் அவர்கள் உலகத்துக்கே செய்திருக்கிறார்கள். அதுவும் "நல்லதுக்குத்தான்".

புனேக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய ஊரில் பேட்டைகளுக்குக் கிழமைப் பெயர். சோமவார் பேட், மங்கள்வார் பேட், புதவார் பேட், சுக்ரவார் பேட், ஷனிவார் பேட். அப்பா முதல் தடவை இங்கே வந்தபோது, "புதன்கிழமைப் பேட்டைல வியாழக்கிழமை கடை உண்டுமா?" என்று கேட்டார் :-). வரைபடத்தில் பார்த்தால் இவை கிழமை வரிசையிலும் இல்லை. புதவாரை ஒட்டி சுக்ரவார் வரும். புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். ஆனால் எலெக்ட்ரிக் சாமான் என்றால் தப்கீர் கல்லி, அது தகடுஷேட் கணபதி இருக்கிற அதே புதவார் பேட் என்று இங்கே பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். யாராவது ஒரு புண்ணியவான் வந்து, "உங்கள் ஊர் அலங்கோலமாக இருக்கிறது, பேட்டைகளைக் கிழமை வரிசையில் மாற்றி வைத்துவிட்டேன்" என்றால் புனேக்காரர்கள் சும்மா விடுவார்களா? சுத்தத் தமிழில் எழுத முடியாத மராத்தியில் பதில் வரும்.

அப்படியானால் ரீசெட்டே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. என் சொந்த லேப்டாப்பை வருஷத்துக்கு ஒரு தடவை ரீசெட் செய்கிறேன். ஒரே ஒரு நாள் பயன்படுத்திய மென்பொருள்கள், எதற்குப் போட்டோம் என்றே தெரியாத ஐகான்கள், 'புதிய கோப்புறை' என்ற பெயரிலேயே இருக்கிற கோப்புறைகள் என்று ஐந்து பக்கம் சேர்ந்துவிடும். தேடித் தேடி அலுத்து, எல்லாவற்றையும் தட்டில் கொட்டி முதலிலிருந்து அடுக்கினால் ஒரு நிம்மதி இருக்கிறது. வீடு மாற்றும்போது பாதிச் சாமானைத் தூக்கிப் போடுகிற மாதிரி. அலங்கோலம் எல்லாமே வரைபடம் இல்லை. சிலது வெறும் அலங்கோலம்தான். என்னுடையது அப்படி. ஆனால் எது எது என்று தெரிந்தவன் அதன் சொந்தக்காரன் மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் நான் ஏமாந்தேன்.

ஆகவே, ரீசெட் செய்கிற என்னைப் போன்ற மகான்களுக்குச் சில விண்ணப்பங்கள்.

முதலாவது, நகல். ரீசெட் செய்கிற அதே இடத்தில், தற்போதைய அமைப்பைப் படித்துச் சொல் என்றும் கேட்கலாம். அது ஒரு நீளமான வரியைக் காட்டும். அதை அப்படியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ரீசெட் பிடிக்கவில்லை என்றால் அதே வரியைத் திரும்பக் கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். இன்னொன்று, உபுண்டுவில் கோப்புறைகளின் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஐகான் வரிசையை ரீசெட் செய்தாலும் கோப்புறைகள் கலையாது. அவற்றையும் கலைக்க வேண்டும் என்றால் அது தனி வேலை, அதற்கும் தனி நகல் வேண்டும். நான் நகல் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் அப்பாவின் திண்ணையைத் திரும்பக் கட்டியிருப்பேன்.

இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். குறைந்தது போனில் ஆள் இருக்கும்போது. "இது ஏன் இங்கே இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குத் திண்ணைக் கதை அன்றைக்கே கிடைத்திருக்கும்.

மூன்றாவது, "சரிய்யா" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் அப்பா அம்மாக்கள், ஊரைவிட்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எதையும் சொல்ல மாட்டார்கள். கணினி தெரிந்த பிள்ளை செய்தது தப்பாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. தங்கள் மேல்தான் பழியைப் போட்டுக்கொள்வார்கள்.

மென்பொருள் செய்கிறவர்களுக்கும் ஒன்று. குனோமில் 2020-இல் வந்த 3.38 பதிப்பிலிருந்து ஐகான்களை நம் இஷ்டப்படி அடுக்கலாம். நல்ல விஷயம். ஆனால் அதை ரீசெட் செய்ய அப்பாவின் கணினியில் ஒரு பொத்தான் இல்லை, டெர்மினலுக்குத்தான் போக வேண்டும். ஐபோனில் முகப்புத் திரையை ரீசெட் செய்யப் பொத்தான் இருக்கிறது, பழையதைத் திரும்பக் கொண்டுவர ஒன்று இல்லை. ஒரு எழுத்தை அழித்தால் கூடத் திரும்பக் கொண்டுவரலாம், ஒருவர் மாதக்கணக்கில் அடுக்கி வைத்ததைக் கலைத்தால் முடியாது என்றால் என்ன நியாயம்? ரீசெட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'பழையபடி வை' என்று ஒன்று இருக்கட்டும். பதிப்பு மாற்றும்போது பழைய அடுக்கைக் கொண்டுபோக முடியாதென்றால் முன்கூட்டியே திரையில் சொல்லட்டும்.

கடைசியில் என்ன ஆச்சு என்றால், அந்த முறை ஊரில் இருந்தபோது ஒரு சாயங்காலம் முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் இழுத்து வைக்கவில்லை, அவரையே இழுத்து வைக்கச் சொன்னேன். திண்ணை, முற்றம், உள்ளறை எல்லாம் வந்தது. விட்டுப்போன இரண்டு மாத எண்களை நோட்டைப் பார்த்து நான் வாசிக்க, அவர் தட்டினார். முடிந்ததும் அந்த அடுக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் எங்கே வைத்தார் என்று கேட்கிறீர்களா? பீரோவில், பத்திரங்களோடு.

நோட்டையும் விடவில்லை. இன்றைக்கும் இரண்டிலும் எழுதுகிறார். "எதுக்குப்பா ரெண்டு?" என்றால், "நீ மறுபடி சுத்தம் பண்ணுனீன்னா?" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டுக் கதை என்ன? சொல்லுங்கள்.

டிஸ்கி: இதை எழுதி முடிக்கிற நேரத்தில் தங்கமணி சமையலறையை அடுக்கி முடித்துவிட்டார். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்கிறேன், தொடமாட்டேன்.